மரத்தக்காளியில் ஒரு பார்பிகியூ சோஸ்

வீட்டில் பார்பிகியூ சோஸ் செய்கிறேன் என்று இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஜாம் செய்து முடிக்கிறார்கள். தக்காளியை வேகவைத்து, சீனியை அள்ளிக் கொட்டி, மிளகாய்த்தூளைத் தூவி, கெட்டியாகும் வரை கிண்டி இறக்கினால் அதுதான் வரும். பாணில் தடவிச் சாப்பிடலாம், குறை சொல்ல முடியாது. ஆனால் தணலில் வெந்த கோழித் தொடையின் மேல் பூசினால் இரண்டு கடியில் திகட்டிவிடும்.

கடைப் போத்தலும் இதற்குப் பெரிய விலக்கில்லை. பின்பக்கம் ஒட்டியிருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். முதல் இடத்தில் சீனியோ சோளப்பாகோ இருக்கும். அப்புறம் தக்காளிக் கூழ், வினாகிரி, மாவு, நிறத்துக்குக் கரமல், வாசத்துக்குப் புகைச்சாறு, கெடாமல் இருக்க சோடியம் பென்சோவேட். இரண்டு மேசைக்கரண்டி சோஸில் 12 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் போத்தல்கள் சர்வசாதாரணம். ஒரு கோழித் தொடைக்கு அந்த இரண்டு கரண்டி போதாது என்பது பூசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் இலங்கை மலையகத்தில் இந்தத் தணல் சமையல் பங்களாக்களையும் நுவரெலியா ஹோட்டல் புல்வெளிகளையும் விட்டு இறங்கி தோட்டத் தொழிலாளர் லயத்துக் கோடிக்கு வந்து கொஞ்சக் காலம் ஆகிவிட்டது. கொழும்பில் வேலை செய்கிற பொடியன்கள் டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது கூடவே கொண்டுவந்த பழக்கம். நாலு கல், ஒரு கம்பி வலை, இரண்டு கோழி, ஒரு புளூடூத் ஸ்பீக்கர். 31ஆம் திகதி இரவு பனிக்குள் குந்தியிருந்து வாட்டுவார்கள். எல்லாம் சொந்தக் கைவேலைதான், சோஸ் மட்டும் டவுனில் வாங்கிய போத்தல். 2022இல் சாமான் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தவர்கள் நிறையப் பேர். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் பல வெளிநாட்டுச் சாமான்கள் தட்டில் இல்லாமலும் போயின. நானும் அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்துச் சாமான்களை வைத்து இதைக் காய்ச்சத் தொடங்கினேன். இப்போது அந்தப் போத்தல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்குகிற எண்ணம் இல்லை. காரணம் விலை அல்ல, புளிப்பு.

பார்பிகியூ சோஸுக்கு முதுகெலும்பு புளிப்புதான். இனிப்பு அதற்குத் துணை. கொழுப்பும் உப்பும் புகையும் சேர்ந்த இறைச்சியை நாக்கில் இருந்து வழித்து எடுத்து, அடுத்த வாய்க்கு இடம் வைக்கிற வேலை புளிப்புக்கு உரியது. அமெரிக்காவிலேயே இதற்கு ஊருக்கு ஒரு பக்குவம் உண்டு. வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் வினாகிரி, மிளகாய், மிளகு, உப்பு, அவ்வளவுதான். தக்காளியைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகு போட்ட மஞ்சள் சோஸ். அலபாமாவின் டிகேட்டர் ஊரில் பொப் கிப்சன் என்பவர் 1925 வாக்கில் தொடங்கிவைத்தது மயோனீஸும் வினாகிரியும் கலந்த வெள்ளைச் சோஸ். தக்காளியும் மொலாசஸும் சேர்த்துத் தடிப்பாகக் காய்ச்சுவது கன்சாஸ் சிட்டிப் பக்குவம். போத்தலில் ஏறி உலகம் சுற்றியது இந்தக் கடைசி வகை என்பதால் பார்பிகியூ சோஸ் என்றாலே இனிப்பு என்று நம் தலையில் பதிந்துவிட்டது. மற்ற மூன்றும் புளிப்பின் மேல் நிற்பவை.

புளிப்புக்கு நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. எங்கள் பக்கம் வேலியோரம் நிற்கிற மரத்தக்காளி போதும். இதுவும் தென்னமெரிக்க அந்தீஸ் மலையில் இருந்து வந்ததுதான், ஆனால் மலைநாட்டுக் குளிர் அதற்குப் பிடித்துப்போய்விட்டது. முட்டை வடிவத்தில், சிவப்பிலும் செம்மஞ்சளிலும் கொத்தாகத் தொங்கும். சந்தைத் தக்காளிக்கு விலை ஒரு கிழமை தலைக்கு மேல், மறு கிழமை கிழங்குக்கும் கீழே. மரத்தக்காளிக்கு அந்தப் பாடு கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்துகொண்டிருக்கும். கேட்டால் ஒரு பை நிறையத் தந்துவிடுவார்கள்.

சோஸுக்கு இது தக்காளியைவிடப் பொருத்தம் என்று நான் சொல்ல இரண்டு காரணம். ஒன்று, நல்ல கூர்மையான புளிப்பு. சந்தைத் தக்காளி நன்றாகப் பழுத்தால் புளிப்பு இறங்கிவிடும், இது பழுத்த பிறகும் விடாது. இரண்டாவது, இதில் பெக்டின் அதிகம். அதனால் சோளமாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே தானாகத் தடிக்கும். மாவு போட்ட சோஸ் தணலில் காய்ந்ததும் தோலாக உரியும், கவனித்திருப்பீர்கள். பெக்டினில் தடித்தது இறைச்சியோடு ஒட்டிப் பளபளக்கும்.

தோல் மட்டும் கசப்பு. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து உரிக்கலாம். எனக்குப் பிடித்த வழி அடுப்புத் தணலில் சுடுவது, அம்மாயி சம்பலுக்குச் சுடுகிற மாதிரியே. காம்பைக் கிள்ளக் கூடாது, அதுதான் பிடி. காம்பைப் பிடித்துத் தணலின் ஓரத்தில் படுக்கவைத்தால் கொஞ்ச நேரத்தில் தோல் சுருங்கும், அப்புறம் ஒரு பக்கம் வெடித்துச் சாறு தணலில் விழுந்து சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் திருப்பிவிட வேண்டும். எல்லாப் பக்கமும் கருகியதும் எடுத்து ஒரு சட்டியில் போட்டு மூடிவைத்தால், சூடு ஆறுவதற்குள் தோல் தளர்ந்து கையோடு வரும். உள்ளே செம்மஞ்சள் சதை, நடுவில் கருஞ்சிவப்புப் பாகுக்குள் விதைகள். அந்தப் பாகு விரலிலும் மரக்கரண்டியிலும் சாயமாக ஏறி இரண்டு நாளைக்குப் போகாது. வெள்ளைச் சட்டையோடு இந்த வேலைக்கு உட்காராதீர்கள்.

இரண்டாவது புளிப்பு கொறுக்காய். தமிழ்நாட்டில் குடம்புளி என்று வாங்குவதன் சொந்தக்காரன். நம் ஊர்க்கடையில் கறுப்பாகக் காய்ந்து, வற்றல் துண்டுகளாகக் கிடைக்கும். மீனுக்கு மட்டும்தான் இது என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். தெற்கில் அம்புல் தியல் செய்கிறவர்கள் இதை அரைத்துப் பூசித்தான் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலேயே மீனை நாள்கணக்கில் கெடாமல் வைத்தார்கள். இறைச்சிக்கும் அதே வேலையைச் செய்யும். இன்னொரு நன்மையும் உண்டு. அடுப்புக்கு மேல் பரணில் கிடந்து காய்ந்த கொறுக்காயில் புகைவாடை ஊறியிருக்கும். மூன்று துண்டை எடுத்துக் கழுவி, சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து அரைத்தால் கறுப்பாக ஒரு விழுது வரும். பார்க்க அழகில்லை. சோஸின் அடர்ந்த நிறம் பாதிக்கு மேல் அதனால்தான். கரமல் சாயம் தேவைப்படாது.

மூன்றாவது வினாகிரி. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினாகிரி நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. கடையில் அதன் பக்கத்திலேயே அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்த செயற்கை வினாகிரியும் நிற்கும், விலை குறைவாக. போத்தலைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். செயற்கை வினாகிரி வெறும் உறைப்பான புளிப்பு, மூக்கில் ஏறும். தென்னை வினாகிரியில் பின்னால் கொஞ்சம் பழவாசம் உண்டு, காய்ச்சினாலும் முழுக்கப் போகாது.

மூன்று புளிப்பு எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். மூன்றும் வெவ்வேறு நேரத்தில் நாக்குக்கு வருகின்றன. வினாகிரி வாயில் வைத்ததும் தெரியும். மரத்தக்காளி மெல்லும்போது. கொறுக்காய் விழுங்கிய பிறகும் நிற்கும். ஒன்றை மட்டும் வைத்துக் காய்ச்சிப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

இனி இனிப்பு. இங்கே கூந்தல்பனைப் பாகான கித்துள் பாணியை மிஞ்ச எதுவும் இல்லை. அமெரிக்கர்கள் மொலாசஸ் போடுவது இனிப்புக்காக மட்டுமல்ல, அதன் கருகல் கசப்புக்காகவும்தான். கித்துள் பாணியில் அந்தக் கசப்பு இயல்பாகவே இருக்கிறது. பூங்குலையைச் சீவி இறக்கிய பதநீரைப் பெரிய தாச்சியில் ஊற்றி, விறகடுப்பில் மணிக்கணக்காக வற்றக் காய்ச்சி எடுப்பது அது. அந்த விறகுப் புகை பாணிக்குள்ளேயே இருக்கும். நல்ல பாணியை ஒரு சொட்டு நாக்கில் விட்டால் இனிப்பு முடிந்த பிறகு புகை தெரியும். புகைச்சாறு என்று ஒரு குப்பியை வாங்கி ஊற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. புகை விறகில் இருந்து வர வேண்டியது. ஏதோ கொஞ்சம் சோஸிலும் இருக்கட்டும் என்றால் கித்துளும் கொறுக்காயும் சுட்ட மரத்தக்காளியுமே கொண்டுவந்துவிடும்.

சீனிப்பாகு கலந்த பாணி சந்தையில் நிறைய. தண்ணீரில் விட்டுப் பார், காகிதத்தில் விட்டுப் பார் என்று ஆளுக்கொரு பரிசோதனை சொல்வார்கள். நான் எதையும் நம்புவதில்லை. இரத்தினபுரிப் பக்கத்திலோ கினிகத்தேனைப் பக்கத்திலோ காய்ச்சுகிற ஆளையே தெரிந்த ஒருவர் மூலம் வாங்குவதுதான் வழி. அது முடியாவிட்டால் கித்துள் கருப்பட்டியை உடைத்துப் போடலாம். சீனி வியாதிக்காரர்களுக்குக் கித்துள் பாணி ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி சீனிதான். அளவோடு ஊற்றுங்கள்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வெங்காயம், பூண்டு, இஞ்சி. உறைப்புக்குக் காய்ந்த கொச்சிக்காய், ஆனால் தலைமை மிளகுக்கு. மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு அப்போதுதான் இடித்ததாக இருக்க வேண்டும். பக்கெட்டில் வருகிற மிளகுத்தூளில் காரம் இருக்கும், வாசம் செத்திருக்கும். கறுவா சிறு துண்டு, கராம்பு இரண்டு மூன்று, அதற்கு மேல் போனால் பிரியாணி வாசம் வந்துவிடும். கடுகை வினாகிரியில் ஊறவைத்துப் பச்சையாக அரைக்க வேண்டும், சூடு காட்டக் கூடாது. கடுகின் காரம் அரைபடும்போது ஈரத்தில்தான் பிறக்கிறது. புளிப்பு அதைப் பிடித்து நிறுத்தும், நீண்ட கொதி அதைக் கொன்றுவிடும். அதனால் அந்த விழுது கடைசியில்தான் சட்டிக்குள் போகும்.

அப்புறம் மாசி, அதாவது கல்லாகக் காய்ந்த சூரை மீன். வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாவற்றிலும் வூஸ்டர் சோஸ் ஒரு கரண்டி என்று இருக்கும். அது என்ன என்று பார்த்தால் வினாகிரி, மொலாசஸ், புளி, ஊறவைத்த நெத்தலி. முதல் மூன்றுக்கும் நம் சட்டியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நெத்தலியின் இடத்துக்கு இடித்த மாசி ஒரு தேக்கரண்டி. மீன் வாசம் வராது. சோஸுக்கு ஒரு கனம் வரும், அவ்வளவுதான். மரக்கறிக்காரர்கள் வீட்டுக்குக் கொடுப்பதென்றால் மாசியை விட்டுவிட்டு வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சிவக்கவிடுங்கள்.

கோப்பித்தூள் ஒரு தேக்கரண்டி போடுவது என் சொந்த ஆசை. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்களை அழித்து, அந்த மலைகள் எல்லாம் தேயிலைக்கு மாறிய கதை தெரிந்ததுதான். ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு கோப்பி மரம் நிற்காத ஊர் எங்கள் பக்கம் குறைவு. வறுத்து இடித்த கோப்பியின் கசப்பு கித்துளோடு நன்றாகப் போகும். தேயிலையையும் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டார்கள். போடலாம், துவர்க்கும். எல்லாவற்றிலும் தேயிலையைப் போட்டு மலையகச் சுவை என்று பெயர் வைப்பது சுற்றுலா ஹோட்டல்களின் வேலை, அவர்களே செய்யட்டும்.

அளவு வேண்டும் என்பவர்களுக்கு: சுட்டு உரித்த மரத்தக்காளி முக்கால் கிலோ, அதாவது சுடுவதற்கு முன் முழுப் பழமாக ஒரு கிலோ. பெரிய வெங்காயம் இரண்டு. பூண்டு எட்டுப் பல், இஞ்சி பெருவிரல் அளவு. கித்துள் பாணி 200 மில்லிலீற்றர். தென்னை வினாகிரியும் அதே 200, இரண்டாகப் பிரித்து. கொறுக்காய் மூன்று துண்டு. காய்ந்த கொச்சிக்காய் எட்டு, விதை தட்டியது. இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, கடுகு ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. இரண்டு சோஸ் போத்தல் அளவுக்குத் தேறும்.

சட்டி முக்கியம். அலுமினியச் சட்டி வேண்டாம். இவ்வளவு புளிப்பை அதில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் அலுமினியம் கரைந்து சோஸில் இரும்புத் துண்டை நக்கின சுவை ஏறும். மண்சட்டி நல்லது, இல்லையென்றால் எவர்சில்வர்.

எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டு, சிறு தீயில், பொறுமையாக. கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குகிற அவசரம் இங்கே உதவாது. கபில நிறம் வந்து, ஓரம் சட்டியில் ஒட்டத் தொடங்க வேண்டும்; இருபது நிமிடம் கூட எடுக்கும். ஒட்டினால் ஒரு கரண்டி வினாகிரி தெளித்துச் சுரண்டிவிடுங்கள், அந்த ஒட்டுதான் ருசி. பிறகு இஞ்சி, பூண்டு, கொச்சிக்காய், கறுவா, கராம்பு. பச்சை வாசம் போனதும் மரத்தக்காளியைக் கையால் பிசைந்து ஊற்றி, கொறுக்காய் விழுது, பாதி வினாகிரி, கித்துள், மாசி, கோப்பி, உப்பு. ஒரு கொதி வந்ததும் தீயைத் தாழ்த்திவிட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஜன்னலைத் திறந்துவைக்காவிட்டால் வினாகிரி ஆவியில் வீட்டில் எல்லோருக்கும் இருமல் பிடிக்கும். திறந்துவைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். "என்னாக்கா, ஊறுகாயா போடுறீங்க?" என்று பக்கத்துக் காம்பராவில் இருந்து குரல் வரும். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம்.

அரை மணி நேரம் கழித்து கறுவாவை எடுத்துவிட்டு அரைத்து, விதையைச் சல்லடையில் வடித்து, மறுபடி சட்டியில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். விதை இருந்தாலும் பாதகமில்லை என்பார்கள். எனக்குப் பல்லிடுக்கில் விதையோடு கோழி சாப்பிட முடியாது. இரண்டாம் காய்ச்சலில்தான் கவனம் தேவை. தடிக்கத் தடிக்கக் கொதியின் சத்தமே மாறும். முதலில் சளசளவென்று இருக்கும். பிறகு நடுவில் ஒரு குமிழ் மெதுவாக எழும்பி, பொத்தென்று வெடித்து, சூடான சொட்டு ஒன்றைக் கை மேல் எறியும். நீளக் கரண்டியும் பாதி மூடிய மூடியும் வேண்டும். பதம் பார்க்க ஒரு சில்வர் தட்டில் ஒரு கரண்டி விட்டு ஆறவையுங்கள். விரலால் நடுவில் கோடு கிழித்தால் இரண்டு பக்கமும் ஓடி வந்து உடனே சேரக் கூடாது, மெதுவாக வந்தால் சரி. ஆறிய பிறகு பெக்டினால் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால், போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள்.

இப்போது மிளகு, கடுகு விழுது, மீதிப் பாதி வினாகிரி. வினாகிரியை ஏன் பிரித்து வைத்தோம் என்றால், கொதிக்கக் கொதிக்க அதன் அமிலத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றினால் கடைசியில் சட்டியில் நிற்பது எவ்வளவு என்று தெரியாது. ஒரே ஒரு கொதி, இறக்கிவிடலாம்.

அம்மாயி முதல்தடவை ருசி பார்த்துவிட்டுச் சொன்னது: "எறைச்சிக்குத் தடவுறது இருக்கட்டும், இந்த ரொட்டிக்கு ஒரு கரண்டி ஊத்து." அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுச் சாமான்தானே, பென்சோவேட் இல்லாமல் சுத்தமாகச் செய்ததுதானே, வெளியே வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்கிற தைரியம் பலருக்கு உண்டு. அங்கேதான் புளிப்பின் இன்னொரு வேலை வருகிறது. காற்றுப் புகாத போத்தலுக்குள் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் பொட்டுலினம் என்ற கிருமி, புளிப்பின் அளவான பிஎச் 4.6க்குக் கீழே வளராது (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). நல்ல பழுத்த சந்தைத் தக்காளி அந்தக் கோட்டை ஒட்டியோ தாண்டியோ போவதுண்டு. வெங்காயமும் பூண்டும் கோட்டுக்கு நன்றாக மேலே நிற்பவை. மரத்தக்காளி, கொறுக்காய், வினாகிரி மூன்றும் கீழே. அதனால் உங்கள் பாட்டுக்கு வெங்காயம் பூண்டை இரட்டிப்பாக்கிவிட்டு வினாகிரியைக் குறைக்காதீர்கள். பிஎச் பார்க்கும் காகிதம் கையில் இருந்தால் 4க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். புளிப்பு நாக்குக்குக் கூடிப்போனால் கித்துளை ஒரு கரண்டி கூட்டுங்கள், வினாகிரியில் கைவைக்க வேண்டாம்.

மலைநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகைக்குப் போகாமல் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 பக்கம். பருப்பு வேக நேரமெடுப்பது இதனால்தான். போத்தலை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்குகிறோம் என்றால், கொழும்பில் பத்து நிமிடம் என்று எழுதியிருப்பதை இங்கே அப்படியே செய்ய முடியாது. கால் மணி, இருபது நிமிடம் என்று நீட்ட வேண்டும். அப்படி நீட்டினாலும் நான் அலுமாரியில் வைப்பதில்லை. சூடான போத்தலில் சூடான சோஸை ஊற்றி, மூடி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டி. ஒரு மாதம் தாராளமாக நிற்கும். பெட்டி இல்லாதவர்கள் கொஞ்சமாகக் காய்ச்சி ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். வெளியே குளிராகத்தானே இருக்கிறது என்பது கணக்கில் வராது.

நெருப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் காயவைத்த தேயிலை மிலாறு தீப்பிடிக்கவும் சூடு ஏற்றவும் நன்றாக இருக்கும், ஆனால் மெல்லிய குச்சி என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். அதன் மேல் சிரட்டைக்கரியைப் போட்டால் நின்று எரியும். வாசத்துக்குக் கொய்யாக் கட்டை ஒன்றிரண்டு. சுற்றிலும் தாராளமாக நிற்கிறதே என்று பைனஸையும் யூக்கலிப்டஸையும் வெட்டிப் போடாதீர்கள். பைனஸின் பிசின் புகை இறைச்சியில் கசப்பாகப் படியும். யூக்கலிப்டஸ் போட்டால் கோழி தைலம் தேய்த்துக்கொண்டு வந்த மாதிரி மணக்கும்.

சோஸை எப்போது பூசுவது என்பதில்தான் அதிகம் பேர் கோழியைக் கரியாக்குகிறார்கள். பச்சை இறைச்சியிலேயே ஊறவைத்து நெருப்பில் வைத்தால் வெளியே கறுப்பு, உள்ளே இரத்தம். சீனி 160 பாகைக்கு மேல் நிறம் மாறத் தொடங்கி, 190ஐத் தாண்டினால் கரிந்து கசக்கும். தணலுக்கு மேல் உள்ள கம்பி வலை 250ஐச் சுலபமாகத் தாண்டும். ஆகவே முதலில் உப்பும் மிளகும் மட்டும். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, தணல் இல்லாத பக்கத்தில் கோழியை வைத்து மூடி வேகவிடுங்கள். எலும்போரம் குத்தினால் இரத்தநிறம் இல்லாமல் தெளிந்த நீர் வர வேண்டும். சூடுமானி இருந்தால் உள்ளே 74 பாகை. அதற்குப் பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில், மெல்லிசாக ஒரு பூச்சு, திருப்பிப் போட்டு இன்னொன்று, காய்ந்ததும் மூன்றாவது. எலுமிச்சைப்புல் தண்டின் அடியை நசுக்கினால் நல்ல தூரிகை கிடைக்கும், வாசமும் இலவசம்.

வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் இருக்கிற வீட்டில் வெலிமடை உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, தட்டையாக நசுக்கி, வலையில் வைத்து இதே சோஸைப் பூசுங்கள். கோழியைவிட அது முதலில் முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பூசுவதற்கு எடுத்த சோஸைத் தனிக் கோப்பையில் ஊற்றிக்கொள்ளுங்கள். இறைச்சியைத் தொட்ட தூரிகை நனைந்த மிச்சத்தைத் திரும்பப் போத்தலில் ஊற்றினால் இவ்வளவு நேரம் பார்த்த கவனம் வீண். போத்தலின் அடியில் ஒட்டியிருப்பதையும் கழுவி ஊற்ற வேண்டாம். இரண்டு கரண்டி வினாகிரி விட்டுக் குலுக்கி, கொதிக்கிற தாச்சியில் வெங்காயமும் கறிமிளகாயும் வதக்கி, அதன் மேல் ஊற்றி, மிஞ்சிய கோழியையோ கிழங்கையோ பிரட்டினால் ஜனவரி முதலாம் திகதி பகல் சாப்பாட்டுக்கு டெவல் தயார்.